எதிர்ப்பக்கம் நின்று படித்த சீட்டுகள்

தம்பி,

நீ மூவாரிலிருந்து போட்ட கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று புதன்கிழமை. இதை இன்று பிற்பகல் தபாலில் சேர்த்தால் வெள்ளிக்கிழமை காலை உன் கைக்குக் கிடைத்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நீயே எழுதிவிட்டாய். "வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் போக வேண்டாம் என்று படச்சீட்டு சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன் அம்மா, நீங்கள் வீணாக அலைய வேண்டாம்." என் மேல் இருக்கிற கரிசனத்தில் எழுதிய வரி அது. அந்த வரிதான் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. உன்னை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை, தபால் நிலையம் வரை நடக்கக்கூட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தால் போதும். நேற்று முழுக்க அதைத்தான் செய்தேன். ஒரே நாளில் நாலு ரவிக்கை தைத்து முடித்தேன். அவ்வளவு வேகமாக நான் தைத்ததே கிடையாது.

நீ கேட்டிருப்பதை ஒரு முறை நானே சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு, வருகிற திங்கட்கிழமை காலை. இந்த வருடம் தவறினால் வயது கடந்துவிடும், இனிமேல் கூப்பிட மாட்டார்கள். இந்தப் பக்கம் உன் முதலாளி, ரப்பர் கிடங்கில் உன்னைத் தலைமைக் கிளார்க் ஆக்கி மலாக்காவுக்கே மாற்றித் தருவதாகச் சொல்கிறார். லீவு போட்டுவிட்டு நேர்முகத்துக்குப் போனால் அந்தப் பேச்சே கிடையாது என்றும் சொல்லிவிட்டார். இரண்டில் எது என்று என் படச்சீட்டுகளைப் பெரிய விரிப்பாக விரித்துக் குறி பார்த்துச் சொல்லச் சொல்கிறாய். நான் சும்மா இருந்தாலே நீ மலாக்காவுக்கு வந்துவிடுவாய். காஜா பெராங்கில் இந்த அறையிலேயே இருந்துகொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவாய். மத்தியானம் என் கையால் சாப்பிடுவாய். இதையெல்லாம் நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.

நீ இந்தத் தேர்வுக்கு யாருக்கும் தெரியாமல் மனுப் போட்டிருக்கிறாய். எனக்கும் சொல்லவில்லை. மனுப் போட்டவனுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் கேட்கிறாய். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கிடங்கில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன், தன் காலை எடுத்து வைக்க அம்மாவின் பாயில் கிடக்கும் படங்களைக் கேட்கிறான். அப்படிக் கேட்கப் பழக்கியவள் நான். அந்தப் பழக்கத்தின் கதை உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை இன்று சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்போது உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். நடுவில் மட்டும் கிழித்துப் போட்டுவிடாதே.

முதலில் உன் அப்பா. அவர் சயாமுக்குப் போனபோது உனக்கு நாலு வயது. ஜப்பான்காரன் காலம். தோட்டத்துக் கூலிலைனுக்கு ஆள் வந்து, ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதம், அரிசி தருவோம் என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் மரவள்ளிக் கிழங்குகூட இல்லாத வாரம் அது. "மூணே மாசம் புள்ள. போனதும் தெரியாது வந்ததும் தெரியாது, பாத்துக்க" என்றார். ஒரு கம்பின் நுனியில் துணிமூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். லைனில் திரிந்த ஒரு வெள்ளை நாய் தோட்டத்துக் கேட் வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடியது. அவர் குனிந்து அதை விரட்டிவிட்டு, நிமிர்ந்து, எங்களைப் பார்த்து ஒரு கையை ஆட்டினார். அவ்வளவுதான். போர் முடிந்ததும் ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள், எல்லாரும் எலும்பும் தோலுமாக. ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் மட்டும், "ஒரு முகாமுல பாத்தேன் தங்கச்சி, அப்புறம் பாக்கல" என்றார். அதற்குமேல் இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம்தான் செங் பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். துரைசாணியின் பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போன பிறகும் என்னை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். துரை காலையில் போனால் மாலையில்தான் வருவார். பேச ஆள் இல்லாமல் துரைசாணி என்னிடம் அரைகுறை மலாயில் பேசுவார், நானும் அரைகுறை மலாயில் பதில் சொல்வேன். வருடத்தின் முதல் நாள், காலைச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு ஒரு பட்டுத் துணியை அவிழ்ப்பார். உள்ளே எழுபத்தெட்டுப் படச்சீட்டு. டாரோ என்று பெயர் சொன்னார். அந்த வருடம் தனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி மேசை நடுவே வைப்பார். அதன்மேல் மூன்று சீட்டு, அதில் கடைசியாக விழுவதுதான் நடுச்சீட்டு. பிறகு அதைச் சுற்றிக் கடிகாரம் மாதிரி பன்னிரண்டு இடத்தில், மாதத்துக்கு மூன்று மூன்றாக. முதல் சீட்டு அந்த மாதம் செய்ய வேண்டியது, இரண்டாவது குறுக்கே வருவது, மூன்றாவது கைக்கு வருவது. மொத்தம் முப்பத்தொன்பது. பார்த்து முடித்ததும் ஒரு நோட்டில் மாதம் மாதமாக என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொள்வார். குறி கேட்கிற மாதிரி இருக்காது. ஒரு வருடத்து வேலைக்குப் பட்டியல் போடுகிற மாதிரி இருக்கும்.

அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். நான் இந்தப் பக்கம் தேநீர்த் தட்டோடு நிற்பேன். ஒரு சீட்டு விழுந்ததும் அவர் முகம் மலர்ந்து "பாகுஸ், ஆயா" என்பார், நல்லது என்று. இன்னொன்று விழுந்ததும் "தா பாகுஸ்" என்று உதட்டைப் பிதுக்குவார். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று வருடத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. படத்தில் இருக்கிற ஆள் தலைகீழாகத் தெரிந்தால் நல்லது. நேராக நின்றால் கெட்டது. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், தலைகீழாக நின்று தவம் செய்கிற முனிவரைக் கோயில் சுவரில் பார்த்திருக்கிறோமே, அப்படி நின்றவனுக்குத்தானே வரம் கிடைத்தது என்று. சரிதான் என்று எனக்குப் பட்டது. சீமையிலிருந்து புதுச் சீட்டு வந்த வருடம் பழைய கட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். இப்போது என்னிடம் இருப்பது அதுதான். முதல் நாளே எழுபத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒருவன், தோளில் கம்பு, கம்பின் நுனியில் மூட்டை, காலடியில் ஒரு வெள்ளை நாய், எங்கோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறான். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை உனக்கு நினைவிருக்காது. நீ கூலிலைன் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தாய்.

நம் முதல் விரிப்பை நாம் பாயில் விரித்தோம். நடுத்தாளில் நான் எழுதியது, "மகன் டவுனில் ஆங்கிலப் பள்ளியில் சேர வேண்டும்." பங்குனிக்குள் தலைமையாசிரியரைப் போய்ப் பார்ப்பது, ஆடிக்குள் டவுனில் அறை தேடுவது, வருடக் கடைசியில் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்குவது என்று மாதம் மாதமாக எழுதி வைத்தேன். ஒவ்வொன்றாக நடந்தது. தலைமையாசிரியர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார், மூன்றாவது தடவை சேர்த்துக்கொண்டார். காஜா பெராங்கில் தேவிக்கா வீட்டுப் பின்னறை கிடைத்தது. தேவிக்கா மலாக்கா செட்டி வீட்டுப் பெண், பெயர் நம் பெயர், கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மட்டும் மலாய் என்று உனக்கு எப்போதும் ஆச்சரியம். நாம் தோட்டத்து லைனை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்றால் அதற்கு இந்தச் சீட்டுதான் காரணம் என்று நான் நம்பினேன். உன்னையும் நம்பவைத்தேன். எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் அந்த வேலையைச் செய்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடத்துக்கு வருகிறேன். வெள்ளைக்கார வாத்தியார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், இனி நம் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்று ஊரெல்லாம் பேச்சு. உனக்கும் இதே பயிற்சிக்குக் கடிதம் வந்தது. நீ குதித்த குதியில் தேவிக்கா வீட்டுக் கோழிகள் வேலி தாண்டிவிட்டன. சட்டையை நீயே கரிப்பெட்டி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டிவைத்தாய். காலில் போடக் கறுப்புச் சப்பாத்து இல்லை என்று புக்கிட் பாருவில் உன் கூட்டாளி வீட்டுக்குப் போய் இரவல் வாங்கி வந்தாய். நீ திரும்பி வரும்போது விரிப்பு பாயில் தயாராக இருந்தது. நடுவில் அந்த மூட்டைக்காரன், நேராக நின்றுகொண்டு.

"போகாதய்யா" என்றேன். "பாரு, எப்படி நேரா நிக்கிறான். இந்தப் பயணம் வேணாம்னுதான் சொல்லுது."

நீ சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தாய். பிறகு, "இன்னொரு தரம் போட்டுப் பாக்கலாமாம்மா?" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஒரு கேள்விய ரெண்டு தரம் கேக்கக் கூடாது. சீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு."

"சரிம்மா" என்றாய். அன்று சாயங்காலமே சப்பாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாய். அடுத்த வாரம் ரப்பர் கிடங்கில் சேர்ந்தாய், பிறகு மூவாருக்குப் போனாய். ஒரு நாள் ஒரு பொழுது நீ இதைப் பற்றி முனகியது கிடையாது. வருடா வருடம் நான் விரித்துப் பார்த்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி உனக்குத் தபாலில் அனுப்பினேன். நீ அதன்படியே நடந்தாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூவாரில் ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாய். ஏப்ரலில் இருந்து சரியில்லை, பேச்சை வளர்க்காதே என்று நான் பதில் போட்டேன். அதன்பிறகு அவள் பெயர் உன் கடிதத்தில் வரவே இல்லை. அந்தப் பெயர்கூட எனக்கு இப்போது மறந்துவிட்டது. உனக்கு மறந்திருக்காது.

இப்போது இந்தத் திங்கட்கிழமை. தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டுவிட்டார்கள். துரையும் துரைசாணியும் இந்த மாதமே கப்பல் ஏறுகிறார்கள். என்னைப் பார்க்க வேண்டும் என்று துரைசாணி ஆள் அனுப்பியிருந்தார். உள்ளதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். வீடெல்லாம் மரப்பெட்டி. சாப்பாட்டு மேசை மட்டும் அதே இடத்தில் இருந்தது. கடைசியாக ஒரு முறை விரிக்கப்போகிறேன், கூட இரு என்றார். நான் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அவர் தன் பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டி, "டுடுக் சினி, ஆயா" என்றார். இங்கே உட்கார் என்று. நான் தயங்கினேன். அவர் மறுபடி தட்டினார். வருடக்கணக்காக நான் துடைத்த நாற்காலி, ஒருநாள்கூட உட்கார்ந்தது இல்லை. நுனியில் உட்கார்ந்தேன். நடுத்தாளில் என்ன எழுதினார் என்று மலாயில் சொன்னார். பிறந்த ஊரில் இப்போது தனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையாம், அங்கே பழகிக்கொள்ள வேண்டும் என்று எழுதினாராம். எனக்கே பாவமாக இருந்தது.

சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவில் மூன்றாவதாக அந்த மூட்டைக்காரன் வந்தான். நேராக நின்றான். இந்த வயதில் இந்த அம்மாவுக்கு இப்படியா வர வேண்டும் என்று நினைத்தேன். அவரோ முகம் மலர்ந்து, "பாகுஸ், ஆயா! தைரியமாகக் கிளம்பு என்கிறான்" என்றார்.

"நேரா நிக்கிறானே, எப்படி பாகுஸ்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சீட்டை எடுத்து நேராக வைத்து "இப்படி பாகுஸ்" என்றார். தலைகீழாகத் திருப்பி "இப்படி தா பாகுஸ்" என்றார். பிறகு சுற்றியிருந்த மற்றச் சீட்டுகளைப் பார்த்தேன். எல்லாமே அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பார்ப்பதற்கென்று வைத்தவை. நான் எப்போதும் நின்ற எதிர்ப்பக்கத்துக்கென்று வைத்தது ஒன்றுகூடக் கிடையாது, என்றுமே இருந்திருக்காது. எதிரே நின்றால் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்றா கேட்கிறாய்? நான் பார்த்த சோசியமெல்லாம் கிளி சோசியம். கிளி எடுத்துக் கொடுக்கிற படத்தைச் சோசியக்காரர் நம் பக்கம் திருப்பி வைத்துத்தானே பலன் சொல்வார். எதிரே இருப்பவர் பார்க்கத்தான் படம் என்று எனக்கு மனதில் பதிந்திருந்தது. துரைசாணியும் எதிரே நிற்கிற எனக்காகத்தான் அப்படி வைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தனக்காக வைத்துக்கொள்கிறார் என்று தோன்றவில்லை. "ஏன், என்ன ஆயிற்று?" என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்றேன். அவரே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன், கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஆற்றுப் பாலம் வரை போய்விட்டுத் திரும்பி நடந்தே வந்தேன். வாசலிலேயே தேவிக்கா உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆக, தம்பி, இத்தனை வருடம் உனக்கு நான் எழுதி அனுப்பியது அத்தனையும் தலைகீழ். செய் என்ற இடத்தில் செய்யாதே என்று எழுதினேன். வேண்டாம் என்ற இடத்தில் வேண்டும் என்றேன். மெர்டேக்கா வருடத்தில் உன் கண் முன்னால் அந்த மூட்டைக்காரன் நேராக நின்று, போ, போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனைக் காட்டியே உன்னை நிறுத்திவிட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்தால் நான் தப்பித்துக்கொள்வேன். துரைசாணி உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, கிளி சோசியம் பார்த்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது, தெரியாமல் செய்த தப்பு. நீயும் "பாவம் அம்மா" என்பாய், மன்னித்தும் விடுவாய். நேற்று அந்த நாலு ரவிக்கையையும் தைத்தபோது இப்படித்தான் எழுதிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அன்றைக்கு நடந்ததில் தேவிக்கா பார்த்த பங்கு ஒன்று இருக்கிறது. அவள் இதுவரை உன்னிடம் வாய் திறக்கவில்லை. நான் அவளைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் திறக்கவில்லை.

நீ சப்பாத்து வாங்கப் போயிருந்தபோது நான் ஒரு முறை விரித்தேன். நடுச்சீட்டு தலைகீழாக விழுந்தது. என் கணக்கில் அது நல்லது, போகலாம். கலைத்துவிட்டு மறுபடி விரித்தேன். மறுபடியும் நடுச்சீட்டு தலைகீழ். மறுபடியும் போகலாம். பின்படியில் உட்கார்ந்து மிளகாய்ச் சம்பால் இடித்துக்கொண்டிருந்த தேவிக்கா உலக்கையை வைத்துவிட்டு, "சுடா லா, அக்கா. பியார் டியா பெர்கி" என்றாள். போதும் விடு, அவன் போகட்டும் என்று. நான் "நீ உன் வேலையப் பாரு" என்று தமிழில் எரிந்து விழுந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்திருக்கும். மூன்றாவது முறை விரித்தேன். அப்போதுதான் மூட்டைக்காரன் நேராக வந்து நின்றான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து நீ உள்ளே வந்தாய். இன்னொரு தரம் போடலாமா என்று நீ கேட்டபோது, சீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? மூன்று தரம் போட்ட வாய்தான் அதைச் சொன்னது.

இன்னும் ஒன்று. நடுச்சீட்டுக்கு அடியில் இருந்த தாளை நீ அன்று எடுத்துப் பார்க்கவில்லை. நான் சட்டென்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "மகன் வாத்தியாராக வேண்டும்" என்று அதில் எழுதியிருந்ததாக நீ நினைத்திருப்பாய். நான் எழுதியது, "மகன் என்னிடமே இருக்க வேண்டும்." உன் பெயரைச் சொல்லி விரித்த விரிப்பில் என் ஆசையை அடியில் வைத்தேன். ஆக, சீட்டை நேராகப் பார்த்திருந்தாலும் தலைகீழாகப் பார்த்திருந்தாலும் நான் உன்னைப் போகவிட்டிருக்க மாட்டேன். நாலாவது முறை, ஐந்தாவது முறை விரித்திருப்பேன். கம்பும் மூட்டையுமாக ஒருவர் போய் நான் பட்டது போதும் என்று இருந்தது. அதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். "எனக்குப் பயமா இருக்குய்யா, போகாத" என்று சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், அழுதிருப்பாய், ஒருவேளை போயும் இருப்பாய். சீட்டு சொன்னது என்றதால் உனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இதற்கு நீ உடனே மன்னிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை உன் கடிதத்தைப் படித்ததும் நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பாயைப் போட்டு விரித்தேன். இந்தத் தடவை துரைசாணி காட்டியபடி சரியாக, முப்பத்தொன்பதும். நடுச்சீட்டு என்ன வந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன், நீ எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்ததும் என் கை தானாகவே சீட்டுகளை வாரிக் கலைக்க ஆரம்பித்தது. கலைத்துக்கொண்டிருக்கும்போதுதான் என் கையையே நான் பார்த்தேன். தேவிக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சீட்டைக் கட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. இருந்தாலும் தாய்க்காரிக்கு வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதே. மாதத்துக்கு என்ன செய்வது, குறுக்கே எது வரும் என்று உட்கார்ந்து யோசிப்பதும் நல்லதுதான். சீட்டு இல்லாமலும் அதைச் செய்யலாம். ஆனால் எழுதும்போது யாருடைய ஆசையை எழுதுகிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள். உனக்குப் பிடிக்காத பதில் வந்தால் கலைத்துப் போடத் தோன்றும், அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொள். உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், வேறு எதன் தலையிலும் கட்டாதே. உனக்கென்று ஒரு குடும்பம் வந்து, உன் மனைவியோ பிள்ளையோ எங்காவது கிளம்பி நிற்கும்போது, உன் அம்மா செய்ததை மட்டும் நீ செய்துவிடாதே. மூவாரில் அந்தப் பெண் இன்னும் இருந்தால், ஏப்ரல் சரியில்லை என்று சொன்னது உன் அம்மாவின் பயம் என்று அவளிடம் சொல்லிப் பார். அவள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நேர்முகத்துக்குப் போ என்று நான் எழுதப்போவதில்லை. நான் சொல்லி நீ போனால் அதுவும் என் பேச்சுக்கு ஆடியதாகத்தான் ஆகும், நாலு வருடத்துப் பாவத்தைக் கழுவ உன்னை நான் அனுப்பியதாக ஆகும். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்பதால், பதில் வரவில்லை என்று நீ சொல்ல முடியாது, பதில் போடவில்லை என்று நானும் ஒளிந்துகொள்ள முடியாது. அதற்காகத்தான் இதை எழுதினேன். சனிக்கிழமை நீ எந்தப் பஸ்ஸில் ஏறுகிறாய், கோலாலம்பூர் பஸ்ஸா, இங்கே வருகிற பஸ்ஸா என்று எனக்கு முன்கூட்டித் தெரிய வேண்டாம். இங்கே வந்தால் சோறு இருக்கும். வராவிட்டால் தேவிக்கா கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்வேன்.

பயம் எனக்குப் போகவில்லை, தம்பி. போய்விட்டது என்று எழுதினால் இதுவரை எழுதியதெல்லாம் வீண். நீ ஏறப்போகிற பஸ்ஸின் சத்தம் இப்போதே காதில் கேட்கிறது. பேனாவைப் பிடித்திருக்கிற இந்தக் கை எந்த வார்த்தையை எழுதப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வரி எழுதினாலும் போகாதே என்று எழுதிவிடுவேன். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அம்மா